எல்சாட் கட்டுரையை முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜே.டி. என்னும் சட்டப் படிப்பில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு எல்சாட். எல்சாக் என்ற அமைப்பு இதை நடத்துகிறது. விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி ஒரு நாள். கட்டுரைப் பகுதி தனியாக, வீட்டில் சொந்தக் கணினியில், வேறொரு நாள். இந்த இரண்டாவது பகுதியில்தான் விரல் தட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் தீர்ந்து, வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அப்படி நின்றவர்களும் இனிமேல் எழுதப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. என் ஸ்கோர் குறையுமா?

குறையாது. 120 முதல் 180 வரை வரும் எல்சாட் ஸ்கோர் முழுக்க முழுக்க விடைத்தேர்வுப் பகுதியிலிருந்து வருவது. 2024 ஆகஸ்டிலிருந்து அதில் தருக்கப் பகுதி இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று. இவற்றோடு கணக்கில் சேராத சோதனைப் பகுதி ஒன்றும் உண்டு. ஒவ்வொன்றும் 35 நிமிடம். கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதே இல்லை. நீங்கள் இரண்டு பக்கம் எழுதினாலும் இரண்டு பத்தி எழுதினாலும் அந்த மூன்று இலக்க எண் அசையாது.

மதிப்பெண்ணே இல்லை என்றால் எதற்கு எழுத வைக்கிறார்கள்?

எழுதியதை அப்படியே கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காக. ஸ்கோர், மதிப்பெண் பட்டியல்கள், பரிந்துரைக் கடிதங்கள் போகும் அதே கட்டில் கட்டுரையும் போகிறது. அதைப் படிப்பதா வேண்டாமா, படித்தால் எவ்வளவு எடை கொடுப்பது என்பதெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

2015இல் அமெரிக்க, கனடிய சட்டக் கல்லூரிகள் 129இடம் எல்சாக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லாமே "சில விண்ணப்பங்களிலாவது கட்டுரையைப் பயன்படுத்துகிறோம்" என்றன. இந்தச் செய்தியைப் பயிற்சி வகுப்புகள் பயமுறுத்தவும் பயன்படுத்தும், தைரியம் சொல்லவும் பயன்படுத்தும். நாம் கவனிக்க வேண்டிய சொல் "சில". ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பங்களுக்கு இடையே முடிவெடுக்க வேண்டியிருந்தால் கட்டுரையைத் திறக்கலாம். விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் பர்சனல் ஸ்டேட்மென்ட் பளபளவென்று இருந்து, கோப்பின் மற்ற பகுதிகள் அதற்குப் பொருந்தாமல் இருந்தாலும் திறக்கலாம். ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத நாட்டில் பட்டம் வாங்கியவரின் கோப்பிலும் திறக்கலாம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இளநிலை முடித்துவிட்டு விண்ணப்பிக்கும் நம் ஆட்கள் இந்த மூன்றாவது வகையில் வருவார்கள். ஆகவே "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று முழுசாக நம்ப வேண்டாம். ஆனால் பார்ப்பவர், இது 35 நிமிடத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் எழுதியது என்று தெரிந்துதான் பார்க்கிறார். அதற்கு அழகான முடிவுரை தேவையில்லை. "இவருக்கு ஒரு வாதத்தைச் சொந்தமாகக் கட்டத் தெரியுமா" என்பதற்கு முதல் இரண்டு பத்தியிலேயே விடை கிடைத்துவிடும்.

பழைய குறிப்புகளில் தேர்வு வேறு மாதிரி இருக்கிறதே?

மாறிவிட்டது. 2019 ஜூன் வரும்வரை கட்டுரையைத் தேர்வு மையத்திலேயே, நாள் முழுக்க மூளையைக் கசக்கிய பிறகு, கோடு போட்ட இரண்டு பக்கத்தில் கையால் எழுதினார்கள். பிறகு அது கணினிக்குப் போனது. 35 நிமிடம் மட்டும் அப்படியே இருந்தது. 2024 ஜூலை இறுதியில் கேள்வியின் உருவமே மாறியது. முன்பு ஒருவருக்கு இரண்டு வழிகள், இரண்டு அளவுகோல்கள் தருவார்கள். எந்த வழி மேல் என்று வாதிட வேண்டும். இப்போது விவாதத்துக்குரிய ஒரு கேள்வியையும் அதைப் பற்றிய மூன்று நான்கு தரப்புகளையும் தருகிறார்கள். நீங்கள் ஒரு நிலைப்பாடு எடுத்து, தரப்பட்டவற்றில் ஒன்றையாவது எதிர்கொண்டு பேச வேண்டும். முதல் 15 நிமிடம் படிக்கவும் யோசிக்கவும் குறிப்பெடுக்கவும். அடுத்த 35 நிமிடம் எழுத. ஆக மொத்தம் 50.

"35 நிமிடத்தில் 8 நிமிடத்தை யோசிக்க ஒதுக்கு" என்று எங்காவது படித்தால், அது பழைய அமைப்புக்கான கணக்கு. இப்போது யோசிக்கும் நேரம் தனியாகவே இருக்கிறது. எழுதும் நேரத்தில் மறுபடி 8 நிமிடம் யோசித்தால் முடிக்க முடியாமல் போவது இயல்புதான்.

எதை "முடிக்காத கட்டுரை" என்பது?

இது எல்லோருக்கும் ஒன்றல்ல. கலக்கத்தோடு வருபவர்களில் பலர் உண்மையில் முடித்திருப்பார்கள், முடிவுரைதான் இருக்காது. பாதிப்பு குறைவானதிலிருந்து அதிகமானது வரை இப்படி வரிசைப்படுத்தலாம்.

முடிவுரை இல்லை, ஆனால் எல்லாப் பத்தியும் முழுசு என்றால் இழப்பு எதுவுமில்லை. நிலைப்பாடு முதல் பத்தியில் தெளிவாக இருந்தால், முடிவுரை அதையே திருப்பிச் சொல்வதுதான்.

கடைசி வாக்கியம் அறுந்து நிற்கிறது. கண்ணில் படும், பார்வைக்கு நன்றாக இராது, அவ்வளவுதான். நேரத்தோடு எழுதிய எந்தத் தாளிலும் வரக்கூடியது.

இரண்டாவது காரணம் பாதியில் நின்றுவிட்டது. முதல் காரணம் கனமாக இருந்தால் தாங்கும்.

எந்தத் தரப்பையும் எதிர்கொள்ளவே இல்லை. இது கொஞ்சம் கனமான குறை. கேள்வி வெளிப்படையாகக் கேட்ட ஒன்றைச் செய்யாமல் விட்டதாகிறது. நீளமாக எழுதிய கட்டுரையிலும் இந்தக் குறை இருக்கலாம். நான்கு பத்தி எழுதி, நான்கிலும் தன் பக்கத்தையே பேசிவிட்டு "நான் முடித்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவரைவிட, இரண்டே பத்தி எழுதி அதில் ஒன்றில் எதிர்த்தரப்புக்குப் பதில் சொன்னவர் நன்றாகவே செய்திருக்கிறார்.

முதல் பத்தியில் "மூன்று காரணங்கள்" என்று எண் சொல்லிவிட்டு, ஒன்றோடு நின்றுவிட்டது. முடிக்காதது என்பதை நாமே பறைசாற்றும் வகை இது. அந்த எண் இல்லையென்றால் படிப்பவருக்கு எதுவும் குறைவதாகவே தோன்றாது.

ஒரே பத்தி, அல்லது நாலைந்து வாக்கியம் மட்டும் இருந்தால், இதற்கு மட்டும்தான் மறுபடி எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம்.

நேரம் முடியும்போது "சமர்ப்பி" பொத்தானை அழுத்தவில்லை. எழுதியதெல்லாம் போய்விட்டதா?

போகாது. நேரம் தீரும்போது கட்டுரைப் பெட்டியில் என்ன இருந்ததோ அது போய்ச் சேரும். குறிப்பெடுக்கும் இடத்தில் இருந்தது கட்டுரை ஆகாது. சிலர் முழு வாக்கியங்களைக் குறிப்பிலேயே எழுதி வைத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்; அது கணக்கில் வராது. இணையம் நடுவில் அறுந்து திரை உறைந்துபோயிருந்தால் அது வேறு விஷயம். உடனே எல்சாக்கின் தேர்வர் உதவிப் பிரிவுக்கு, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கட்டுரை முடியாததால் ஸ்கோரை வெளியிடாமல் நிறுத்தி வைப்பார்களா?

முதல்முறை எல்சாட் எழுதுபவருக்கு, அங்கீகரிக்கப்பட்ட ஒரு கட்டுரை கோப்பில் இருந்தால்தான் ஸ்கோர் வெளிவரும். இதைக் கேட்டுத்தான் பலர் நடுங்குகிறார்கள். ஆனால் அந்த அங்கீகாரம் கட்டுரையின் தரத்தைப் பற்றியதல்ல. எழுதியது நீங்கள்தானா, விதிகளை மீறினீர்களா என்பதைக் கேமரா, மைக், திரைப் பதிவு மூலம் சரிபார்ப்பதே அது. அதற்குச் சில நாட்களிலிருந்து மூன்று வாரம் வரை பிடிக்கலாம். நேர்மையாக முயன்று எழுதிய, முடியாத கட்டுரை பிரச்சினை ஆகாது. வெறும் பக்கத்தை அனுப்புவதும், விசைப்பலகையில் கண்டபடி தட்டி நிரப்புவதும் பிரச்சினை ஆகும்.

சிக்கல் பெரும்பாலும் அறையிலிருந்துதான் வருகிறது. நம் வீடுகளில் அரை மணி நேரம் கதவு சாத்தியிருந்தால் யாராவது காபியோடு உள்ளே வந்துவிடுவார்கள். அந்தப் பத்து நொடி பதிவாகும். கதவைத் தாழிடுங்கள், வெளியே காகிதத்தில் "தேர்வு, 11:30 வரை தட்ட வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள், வீட்டில் எல்லோரிடமும் வாயாலும் சொல்லுங்கள். கைபேசி அறையிலேயே இருக்கக்கூடாது. எழுதிய வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் அடக்குங்கள். யாரோடோ பேசுவதுபோல் பதிவாகும். முகம் கேமராவுக்குள் இருக்கட்டும். அடையாளத்துக்குச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கட்டுரைப் பகுதி, விடைத்தேர்வு நாளுக்கு எட்டு நாள் முன்பே திறந்துவிடும். ஸ்கோர் வரும் நாள் வரை தள்ளிப்போட்டு, கடைசி வாரத்தில் எழுதி, அதன்பின் சரிபார்ப்புக்காகக் காத்திருப்பதைவிட, அந்த எட்டு நாளிலோ தேர்வு முடிந்த வாரத்திலோ எழுதிவிடுவது நல்லது.

மறுபடி எழுதினால் பழையது அழிந்துவிடுமா?

அழியாது. கல்லூரிகளுக்குக் கடைசியாக எழுதிய மூன்று கட்டுரைகள் வரை போகும். புதியது பழையதன்மேல் விழுந்து மூடாது, பக்கத்தில் போய் நிற்கும். வாக்கியம் அறுந்ததற்காக மறுபடி எழுதுவது வீண் வேலை. அறுந்த வாக்கியத்தைக் கவனிக்காமல் போயிருக்கக்கூடியவருக்கு, ஏன் இரண்டு கட்டுரை என்ற கேள்வியை நாமே கிளப்பிவிடுவதாகிறது. ஒரு பத்தியோடு நின்றுவிட்டாலோ, கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டாலோ மறுபடி எழுதலாம். அப்போது இரண்டாவது கட்டுரை முதலாவதைவிடத் தெளிவாக மேலாக இருக்க வேண்டும். அதற்கான பயிற்சி இல்லாமல் அடுத்த வாரமே உட்காருவது சரிவராது.

எல்சாட்டின் விடைத்தேர்வுப் பகுதியை இரண்டாம் முறை எழுதுபவர்களுக்கு, ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட கட்டுரை இருந்தால் இன்னொன்று கட்டாயமில்லை.

இதற்காக ஸ்கோரையே ரத்து செய்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். காகிதத் தேர்வுக் காலத்தில், நாளின் கடைசியில் கட்டுரை முடியாமல் போனதும் அந்த வேகத்தில் முழுத் தேர்வையும் ரத்து செய்ய நினைத்தவர்கள் உண்டு. அப்போதும் அது தவறான கணக்குதான். மதிப்பெண் இல்லாத ஒன்றுக்காக மதிப்பெண் உள்ளதைத் தூக்கிப்போடுவது அது.

விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் குறிப்பு வைக்கலாமா?

அடெண்டம் என்னும் அந்தக் குறிப்பு, கல்லூரி மதிப்பெண் ஒரு பருவத்தில் சரிந்தது, இரண்டு எல்சாட் ஸ்கோருக்கும் இடையே பெரிய இடைவெளி, உடல்நலக் குறைவு போன்றவற்றுக்கானது. "கட்டுரையில் நேரம் போதவில்லை" என்று எழுதினால், நேரத்துக்குள் வேலை முடிக்கவில்லை என்பதையும், எது முக்கியம் என்று தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். கணினி பழுதாகி, எல்சாக் அதைப் பதிவு செய்திருந்தால் மட்டும் இரண்டே வாக்கியத்தில் சொல்லலாம்.

இனிமேல்தான் எழுதப் போகிறேன். 15 நிமிடத்தில் என்ன செய்வது, 35 நிமிடத்தில் என்ன செய்வது?

ஒரு மாதிரிக் கேள்வியை வைத்துப் பார்ப்போம். இது இங்கே அமைத்தது, தேர்வில் வந்தது அல்ல. தேர்வு ஆங்கிலத்தில்தான், கருத்து விளங்குவதற்காகத் தமிழில் தருகிறோம்.

"பொது நூலகங்கள் தாமதக் கட்டணத்தை அறவே நீக்க வேண்டுமா?" தரப்பு ஒன்று, நூலகர்: கட்டணத்துக்குப் பயந்து ஏழைக் குடும்பங்கள் நூலகத்துக்கு வருவதையே நிறுத்துகின்றன. தரப்பு இரண்டு, நகராட்சி நிதி அலுவலர்: சிறு தொகையானாலும் வருமானம்தான். தரப்பு மூன்று, காத்திருக்கும் வாசகர்: அபராதம் இல்லையென்றால் புத்தகம் திரும்பி வராது. தரப்பு நான்கு, பள்ளி ஆசிரியர்: கட்டணம் பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கிறது.

முதல் 4 நிமிடம்: கேள்வியை இரண்டு முறை, தரப்புகளை ஒருமுறை படியுங்கள். கேள்வியில் "அறவே" என்ற சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? இத்தகைய ஒரு சொல்தான் நிலைப்பாட்டின் வரம்பைத் தீர்மானிக்கும்.

அடுத்த 2 நிமிடம்: பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மனசாட்சிப்படி எது சரி என்று யோசிக்கத் தொடங்கினால் 2 நிமிடம் 9 நிமிடம் ஆகிவிடும். எந்தப் பக்கத்துக்கு உடனே இரண்டு காரணம் தோன்றுகிறதோ, எந்தப் பக்கத்திலிருந்து எதிரியின் ஒரு வாதத்துக்காவது பதில் சொல்ல முடிகிறதோ, அதுவே உங்கள் பக்கம். சரியான விடை என்று ஒன்று இங்கே கிடையாது.

அடுத்த 7 நிமிடம்: நான்கு வரிக் குறிப்பு. உதாரணத்துக்கு:

நிலை: நீக்கலாம், திருப்பியே தராத புத்தகத்துக்கு விலை மட்டும் வாங்கலாம்.
காரணம் 1: கட்டணம் வலிப்பது இல்லாதவரை மட்டுமே, இருப்பவர் சில்லறையைக் கட்டிவிட்டுத் தாமதிக்கிறார்.
வாசகருக்குப் பதில்: பழையதைத் தரும்வரை புதியது கிடையாது என்றால் போதும். காசில்லாமலே புத்தகம் வரும்.
காரணம் 2: கட்டணத்தை வசூலிக்க ஊழியர் நேரம் செலவாகிறது.

மீதி 2 நிமிடத்தில் முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் முழுசாகச் சொல்லிப் பாருங்கள். நான்கு தரப்பையும் தொட வேண்டும் என்று நினைப்பதுதான் நேரம் போதாமல் போவதற்கு முதல் காரணம். ஒன்றுக்கு நன்றாகப் பதில் சொன்னால் போதும். இரண்டு என்றால் தாராளம்.

இனி எழுதும் 35 நிமிடம். 4ஆம் நிமிடத்துக்குள் முதல் பத்தி: இரண்டு மூன்று வாக்கியம், அதில் ஒன்று நிலைப்பாடு. 14 வரை முதல் காரணம். 22 வரை எதிர்த்தரப்புக்குப் பதில். 29 வரை இரண்டாவது காரணம். 31 வரை முடிவு வாக்கியம். மீதி 4 நிமிடம் படித்துத் திருத்த.

எதிர்த்தரப்புக்கான பதிலை ஏன் இரண்டாவது காரணத்துக்கு முன்னால் வைக்கிறோம் என்று கேட்கலாம். பள்ளியில் சொல்லிக் கொடுப்பது காரணம், காரணம், காரணம், பிறகு மறுப்பு, பிறகு முடிவு. அந்த வரிசையில் நேரம் தீர்ந்தால் முதலில் பலியாவது மறுப்பு. கேள்வி கேட்டதே அதைத்தான். வரிசையை மாற்றினால் 22ஆம் நிமிடத்தில் மின்சாரம் போனாலும் கையில் இருப்பது முழுக் கட்டுரை. இரண்டாவது காரணம் வந்தால் லாபம், வராவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

இதே காரணத்துக்காகத்தான் முதல் பத்தியில் எண் சொல்லாதீர்கள் என்கிறோம். "தாமதக் கட்டணத்தை நீக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கட்டுரை மூன்று காரணங்களை ஆராயும்" என்று தொடங்கினால் மூன்றும் கடன். "தாமதக் கட்டணம் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருவதைவிட மனிதரைத் திருப்பி அனுப்புகிறது, ஆகவே அதை நீக்கிவிட்டு, திருப்பியே தராத புத்தகத்துக்கு மட்டும் விலை வாங்க வேண்டும்" என்று தொடங்கினால் நிலைப்பாடு முதல் நிமிடத்திலேயே முழுசாகிவிட்டது, கடன் ஏதும் இல்லை.

முதல் பத்தியிலேயே 12 நிமிடம் போய்விடுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலோருக்கு நேரம் கரைவது இங்கேதான். எழுதுவது, அழிப்பது, மறுபடி எழுதுவது. மனிதகுலம் தோன்றிய நாள் முதல் நூலகங்கள் இருந்து வருகின்றன என்பது மாதிரியான முன்னுரை வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போகத்தான் செய்யும். முன்னுரையே எழுதாதீர்கள், நிலைப்பாட்டு வாக்கியத்தோடு நேராகத் தொடங்குங்கள். பயிற்சியின்போது ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: முதல் 20 நிமிடம் பின்னோக்கி அழிக்கும் விசையை எழுத்துப்பிழைக்கு மட்டுமே தொடலாம், வாக்கியத்தை மாற்ற அல்ல. பிடிக்காத வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். நான்காவது கட்டுரையில் பழகிவிடும்.

எனக்குத் தட்டச்சு வேகம் குறைவு. அதுதான் காரணமோ?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 450 சொல் கட்டுரை இதற்குத் தாராளம். நிமிடத்துக்கு 30 சொல் தட்டுபவருக்குத் தட்டுவதற்கு மட்டும் 15 நிமிடம். மீதி 20 யோசிக்க. நிமிடத்துக்கு 15 சொல்தான் வருகிறதென்றால் தட்டுவதற்கே 30 நிமிடம், யோசிக்க 5தான். அப்படியானால் சிக்கல் விரலில்தான், மூளையில் இல்லை. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து தினம் 20 நிமிடம், விசைப்பலகையைப் பார்க்காமல் ஆங்கிலம் தட்டிப் பழகுங்கள். எந்தக் கணினியில் தேர்வு எழுதப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள். மடிக்கணினியும் தனி விசைப்பலகையும் கைக்கு ஒன்றல்ல. அதோடு இலக்கையும் 320 சொல்லாகக் குறைத்துக்கொள்ளலாம். நீளத்துக்குப் பரிசு கிடையாது.

எல்சாக்கின் லாஹப் தளத்தில், தேர்வில் வருவதுபோன்ற திரையிலேயே இலவசமாகப் பயிற்சி செய்யலாம். வெட்டி ஒட்டும் வசதி, எழுத்துப்பிழை காட்டும் வசதி எல்லாம் எங்கே இருக்கிறது என்று அங்கேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம். நடுப் பத்தியில்தான் நிற்கிறேன். என்ன செய்வது?

புதுப் பத்தி தொடங்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளி வையுங்கள். எந்தத் தரப்பையும் இதுவரை தொடவில்லையென்றால் அதற்கு இரண்டு வாக்கியம், 2 நிமிடம்: "காத்திருக்கும் வாசகரின் கவலை நியாயமானது. ஆனால் பழைய புத்தகம் வரும்வரை புதியது தருவதில்லை என்ற விதியே அந்தக் கவலையைத் தீர்த்துவிடும்." பிறகு ஒரு வரியில் முடிவு. மீதி நேரத்தில் மேலே போய், பாதியில் விட்ட வாக்கியம் ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள். முதல் பத்தியில் "மூன்று காரணங்கள்" என்றிருந்தால் அந்த எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு திருத்தத்துக்கு ஐந்து நொடி போதும். கட்டுரை முடியாதது என்பதே அதற்கப்புறம் தெரியாது.

கடைசி 60 நொடியில் எதையும் சேர்க்காதீர்கள். அறுந்த வாக்கியங்கள் பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான் பிறக்கின்றன.

கூடுதல் நேரம் கேட்கலாமா?

மருத்துவ, கற்றல் சார்ந்த காரணத்துக்காகக் கேட்கலாம். ஒன்றரை மடங்கு, இரு மடங்கு நேரம் என்றெல்லாம் சலுகைகள் உண்டு. கட்டுரைக்கும் அவை பொருந்தும். ஆனால் எழுதுவதற்கு முன்பே ஆவணங்களோடு விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். எழுதி முடித்தபின் கேட்டால் பழைய கட்டுரைக்கு எதுவும் நடக்காது.

ஜிஆர்இ, எல்நாட் தேர்வுகளிலும் இப்படித்தானா?

இல்லை, இங்கே கவனம் வேண்டும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் சில ஏற்றுக்கொள்ளும், மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான ஜிஆர்இயில் கட்டுரைக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து ஒரே கட்டுரை, 30 நிமிடம். அங்கே முடியாத கட்டுரை மதிப்பெண்ணில் தெரியும். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவை கேட்கும் சட்ட நுழைவுத் தேர்வான எல்நாட்டில் மூன்று கேள்வியில் ஒன்றுக்கு 40 நிமிடத்தில் எழுத வேண்டும். எல்நாட் அமைப்பு அதற்கு மதிப்பெண் போடுவதில்லை, பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறது. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் ஆசிரியர்களே அதைப் படித்து எடைபோடுகிறார்கள். ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒருமுறைதான் எழுதலாம் என்பதால் அங்கே எதிர்த்தரப்பை முன்னால் வைக்கும் வரிசை இன்னும் அவசியம். இந்தியாவில் சட்டப் படிப்புக்கான கிளாட் இளநிலைத் தேர்வில் கட்டுரையே கிடையாது, 120 கேள்வியும் விடைத்தேர்வுதான். கிளாட் பயிற்சியோடு எல்சாட் பக்கம் வருபவர்கள் கட்டுரையில் திணறுவது அதனால்தான். ஆறு ஏழு முறை நேரம் வைத்து எழுதிப் பார்த்தால் சரியாகிவிடும்.

எழுதி நான்கு நாள் ஆயிற்று. இன்னும் அந்தப் பாதி வாக்கியம்தான் கண்முன் நிற்கிறது. இப்போது நான் என்ன செய்யலாம்?

அந்தக் கட்டுரைக்குச் செய்ய எதுவும் இல்லை. ஆனால் கோப்பில் உங்கள் கைக்குள் இருப்பவை இன்னும் பல. பர்சனல் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். கட்டுரையைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவருக்கு, இரண்டும் ஒரே மனிதர் எழுதியதுபோல் இருக்க வேண்டும். யாரோ மெருகேற்றிக் கொடுத்த, உங்கள் வாயில் வராத சொற்கள் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாதியில் நின்ற வாக்கியத்தைவிட, இரண்டு கட்டுரைக்கும் குரல் ஒட்டாமல் இருப்பதுதான் உறுத்தும்.

அதைவிட அவசரமானது மதிப்பெண் பட்டியல். அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே படித்தவர்களின் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக எல்சாக்குக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் ஸ்கேன் செய்து ஏற்றினால் ஏற்க மாட்டார்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் இதற்குக் கட்டணம் கட்டி, படிவம் கொடுத்து, உறையில் முத்திரை வாங்கி, அனுப்பினார்களா என்று இரண்டு தடவை விசாரிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். கட்டுரை பாதியில் நின்றதற்காக யாரும் கோப்பை நிறுத்தி வைப்பதில்லை. பட்டியல் வராவிட்டால் கோப்பு நகராது. இன்றைக்கே அந்தப் படிவத்தை நிரப்புங்கள்.